நட்சத்திரம் விழுங்கிய கிரகம்!
பூமிக்கும் இந்தக் கதி வருமா?

விளக்கைச் சுற்றும் விட்டில் பூச்சி கடைசியில் விளக்கிலேயே விழுந்து மடிகிறது. வானத்தில் ஒரு கிரகமும் அப்படி மடிந்திருக்கிறது!

2020-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவில் பலோமர் வானாராய்ச்சி நிலையத்தின் காமிரா ஓர் அதிசயத்தைப் படம் பிடித்தது. கழுகு நட்சத்திரக் கூட்டத்தில் உள்ள ஒரு நட்சத்திரம், பத்தே நாளில் சுமார் நூறு மடங்கு பிரகாசம் அடைந்தது. பிறகு மங்கிவிட்டது. அது இருப்பது 12 ஆயிரம் ஒளி ஆண்டு தூரத்தில். அதாவது, சம்பவம் நடந்தது 12 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. அந்த ஒளி இப்போதுதான் வந்து சேர்ந்தது!

மாறிய முடிவு

2023-ல் விஞ்ஞானிகள் காரணம் சொன்னார்கள். நட்சத்திரம் வயதாகி ஊதிப் பெருத்தது. பக்கத்தில் இருந்த கிரகத்தை விழுங்கிவிட்டது என்றார்கள்.

2025 ஏப்ரலில் இந்தக் கருத்து மாறியது. விண்வெளியில் உள்ள ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்த நட்சத்திரத்தை ஆராய்ந்தது. ஊதிப் பெருத்த நட்சத்திரத்துக்கு இருக்க வேண்டிய பிரகாசம் அதற்கு இல்லை. அப்படியானால், நட்சத்திரம் கிரகத்தைத் தேடிப் போகவில்லை. கிரகம்தான் சிறிது சிறிதாக நெருங்கி வந்து விழுந்திருக்கிறது!

ஏன் நெருங்குகிறது?

சந்திரன் இழுப்பதால் நம் கடல் பொங்குகிறது. அதுபோல, நெருங்கிச் சுற்றும் கிரகம் இழுப்பதால் நட்சத்திரத்தின் உடல் புடைக்கிறது. கிரகம் வேகமாகச் சுற்றுகிறது. நட்சத்திரமோ மெதுவாகச் சுழல்கிறது. ஆகவே புடைப்பு பின்தங்கி நின்று, கிரகத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. கிரகம் சக்தியை இழக்கிறது. அதன் பாதை சுருங்குகிறது.

இப்படி நெருங்கிச் சுற்றும் கிரகங்கள் உண்டு என்பதை 1995-ல் மேயர், கெலோ என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் காட்டினார்கள். அவர்கள் கண்ட கிரகம் தன் சூரியனை நாலே நாளில் சுற்றுகிறது. நம் புதன் கிரகத்துக்கோ 88 நாள் வேண்டும்! இருவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

'வாஸ்ப்-12பி' என்ற கிரகத்துக்கு ஓர் ஆண்டு என்பது 26 மணி நேரம்தான். அந்த நேரமும் குறைந்துகொண்டே வருகிறது. இன்னும் சுமார் 30 லட்சம் ஆண்டுகளில் அதுவும் நட்சத்திரத்துக்கு இரையாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நம் பூமி?

பூமி சூரியனிலிருந்து 9 கோடியே 30 லட்சம் மைல் தூரத்தில் இருக்கிறது. அத்தனை தூரத்தில் இந்த இழுப்பு வேலை செய்யாது. நமக்கு வரும் ஆபத்து வேறு. சுமார் 500 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு சூரியனே ஊதிப் பெருக்கும். புதனும் வெள்ளியும் அதற்குள் போய்விடும். பூமி தப்புமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் சூரியனின் வெப்பம் அதற்கு வெகு காலம் முன்பே கூடிவிடும், கடல்கள் வற்றிவிடும்.

அந்த நாளுக்கு இன்னும் கோடிக்கணக்கான ஆண்டுகள் இருக்கின்றன. கிரகத்தின் வாழ்வும் சாவும் அது இருக்கும் தூரத்தைப் பொறுத்தது. நம் பூமி நல்ல தூரத்தில் இருக்கிறது!