பரட்டை என்று கூப்பிடாதீர்கள்

இது நீளமான பதிவு. பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம். முழுக்கப் படிக்காமல் கீழே வந்து "டீச்சர், சுருக்கமா என்ன செய்யணும்?" என்று கேட்டால் பதில் போட மாட்டேன்.

என் அண்ணன் பேத்திக்கு 19 வயது. பிறவியிலேயே சுருட்டை முடி, எங்கள் அம்மாவுக்கு இருந்த அதே முடி. சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. "போட்டோவுல நல்லா விழணும்" என்று ஒரு பார்லரில் 7,000 ரூபாய் கொடுத்து முடியை நேராக்கிவிட்டார்கள். போட்டோவில் நன்றாகத்தான் விழுந்திருக்கிறாள். மூன்று மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தபோது வேரில் இரண்டு விரல் அளவுக்குச் சுருட்டை, அதற்குக் கீழே தேங்காய் நார். சீப்பை வைத்தால் பாதி பாதியாக ஒடிந்து வருகிறது. அவள் அம்மா கேட்கிறாள்: "அத்தை, இன்னொரு தடவை பண்ணினா சரியாயிடும்னு பார்லர்ல சொல்றாங்க. இந்தத் தடவை ஆயிரம் ரூபா குறைச்சுக்கிறாங்களாம்."

தீயில் சுட்ட கைக்கு இன்னொரு முறை சூடு வைத்தால் ஆறிவிடுமா?

ஏழாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். முடிக்கு உயிர் வேரில் மட்டும்தான். தோலுக்கு வெளியே வந்துவிட்டால் அது நகம் மாதிரி செத்த பொருள். கெரட்டின் என்கிற புரதம், அதன் மேல் ஓட்டு வீட்டில் ஓடு அடுக்கியதுபோலச் செதில்கள். ஓடு ஒழுங்காகப் படிந்திருந்தால் முடி வழுவழு என்று இருக்கும். சூட்டாலும் காரத்தாலும் முரட்டுத் தேய்ப்பாலும் ஓடு பெயர்ந்தால், ஒன்றோடு ஒன்று மாட்டிச் சிக்காகும், காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பறக்கும். பெயர்ந்த ஓட்டை உடம்பு திரும்ப வேய்ந்து தராது. வெடித்த நுனியை நிரந்தரமாக ஒட்டவைக்கும் எண்ணெயும் இல்லை, கிரீமும் இல்லை. பூசி மறைக்கலாம், அவ்வளவுதான். மருந்து கத்தரிக்கோல். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். கெட்டுப்போனது ஓர் அடி என்றால் கணக்கை நீங்களே போடுங்கள், இரண்டரை வருடம். "இரண்டே வாரத்தில் பட்டுப்போல" என்று சொல்பவர் யாராக இருந்தாலும் பொய் சொல்கிறார்.

அந்த 7,000 ரூபாய்க்கு என்ன வாங்கினோம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடி ஜாடிக்குள் தவளையை ஊறப் போட்டிருந்தோமே, அந்த ஃபார்மலின் எதனால் ஆனது? ஃபார்மால்டிஹைடு. கெரட்டின் டிரீட்மென்ட் என்று விற்கப்படும் பல கரைசல்களில் இருப்பது அதுதான், அல்லது சூடுபட்டால் அதை வெளியிடும் பொருள். பூசிவிட்டு 200 டிகிரிக்கும் மேலே சூடான இரும்பால் இழுக்கிறார்கள், புகை கிளம்புகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. "எங்களுடையதில் அது இல்லை" என்று டப்பாவில் அச்சிட்டிருந்த சரக்குகளிலும் அது இருந்ததாக அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 2011-லேயே எச்சரித்தது. சரி, மாற்றாக வந்ததாவது நல்லதா? கிளையாக்ஸிலிக் அமிலம் கலந்த கிரீமால் ஒரு பெண்ணுக்கு மூன்று முறை சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-ல் மருத்துவ இதழ் ஒன்றில் டாக்டர்கள் எழுதினார்கள். நாம் ஒரு நாள் போய்வருகிறோம். அந்தப் புகைக்குள் தினமும் முகமூடிகூட இல்லாமல் நிற்கிற பார்லர் பெண்ணை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. அவளும் யாரோ ஒரு டீச்சரிடம் படித்தவள்தானே.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் இருக்கிறது. நம் குரூப்பிலேயே போன வாரம் ஒருவர் அனுப்பினார்: ஆப்ப சோடா, எலுமிச்சை, முட்டை, எல்லாம் கலந்து தலையில் தேய்க்க வேண்டுமாம், "நூறு சதவீதம் இயற்கை". சோடா காரம், ஓட்டை மேலும் தூக்கிவிடும். எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்குத் தோல் வெந்து கறுக்கும். முட்டையின் புரதம் முடிக்குள் நுழையாது. வெந்நீர் ஊற்றினால் தலையில் பொரியல்தான் ஆகும். அனுப்பியவர் என் மாணவர், பொறியாளர் வேறு.

ஆகவே பேத்திக்கு நான் செய்வதைச் சொல்கிறேன்.

தலைக்குக் குளிப்பதற்கு முந்தைய இரவு, முடியின் நீளத்துக்கு மட்டும் இரண்டு மூன்று ஸ்பூன் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளே இறங்கும், குளிக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும் என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. (செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனிக்காரர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் என் அம்மாவின் அனுபவமும் அதுதான்.) எண்ணெய் இருக்கும்போதே சிக்கு எடுத்துவிட வேண்டும், அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேலே. உச்சியிலிருந்து வறட்டு இழுப்பு இழுக்கிற அம்மாக்கள் கொஞ்சம் தங்கள் முடியில் இழுத்துப் பாருங்கள்.

ஷாம்பூவை மக்கில் தண்ணீர் விட்டுக் கலக்கி, மண்டையில் மட்டும், விரல் நுனியால். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் மண்டையில்தான் இருக்கிறது. வழிந்து இறங்கும் நுரையே நீளத்துக்குப் போதும். முடியை எல்லாம் உச்சியில் குவித்துத் துணி துவைப்பதுபோலக் கசக்காதீர்கள். சீயக்காய் வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் போடுங்கள், ஆனால் மெல்லிய துணியில் சலித்து, கஞ்சித் தண்ணீரில் குழைத்து. கரகரப்பான கடைத்தூள் உப்புத்தாள் வேலையைச் செய்யும். சோப்பு மட்டும் கூடவே கூடாது. எங்கள் ராமநாதபுரத்துப் போர்த் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரை வராது, திரிதிரியாகப் படியும் என்று கரும்பலகையில் படம் போட்டது மறந்தா போச்சு? அதே திரிதான் முடியிலும் படிகிறது. கடைசி இரண்டு மக்கு மட்டும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். மழை பெய்தால் ஒரு குடம் பிடித்து வையுங்கள்.

அடுத்து கண்டிஷனர். சொன்னதும் என் நாத்தனார் "ஐயோ, கெமிக்கல்" என்பார். தண்ணீரும் கெமிக்கல்தான். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் தூக்கவைத்தோமே, அந்த மின்னூட்டம்தான் இங்கேயும். கெட்டுப்போன முடியில் எதிர்மின்னூட்டம் அதிகம், கண்டிஷனரில் நேர்மின்னூட்டம், அடிபட்ட இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. குணப்படுத்தாது, உரசலைக் குறைக்கும். மண்டையில் வேண்டாம், நீளத்துக்கு மட்டும். விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்று இல்லை.

ஈர முடிக்குப் பலம் குறைவு. துண்டால் படார் படார் என்று அடித்துத் துவட்டும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். தாத்தாவின் பழைய வேட்டியில் சுற்றி ஒற்றி எடுத்து, சுருள் சுருளாக அப்படியே காயவிடுங்கள். காய்ந்த பிறகு சுருட்டை முடியைச் சீவாதீர்கள், சீவினால் பறக்கத்தான் செய்யும். கொத்துக் கொத்தாக வேரோடு கொட்டினாலோ, தலையில் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ இந்தப் பதிவு உதவாது, டாக்டரிடம் போங்கள்.

இவ்வளவு பேசுகிற நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை. தொண்ணூறுகளில் ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை. சடைக்கு அடங்காத முடி. பிரேயரில் அவளை வரிசையிலிருந்து வெளியே இழுத்து, குழாயடிக்கு அனுப்பி, தண்ணீர் தொட்டுப் படிய வாரிவரச் சொல்வேன். "பரட்டை வந்துட்டா" என்று முதலில் சொன்னது வகுப்பு இல்லை, நான். வருடம் முழுக்க வகுப்பு அதைச் சொன்னது. எண்ணெய் வாங்க வீட்டில் காசு இருந்ததா என்றுகூட நான் கேட்கவில்லை. ஒழுக்கம் கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை இன்று இந்த நட்புப் பட்டியலில் இருக்கிறாள். முகப்புப் படத்தில் முடி கம்பிபோல நேராக இருக்கிறது. அம்மா, இதைப் படித்தால் இந்த டீச்சரை மன்னித்துவிடு. உன் முடியில் ஒரு குறையும் இருந்ததில்லை.

பேத்தியின் முடியைத் தோள் அளவுக்கு வெட்டியாகிவிட்டது. வெட்டும்போது அழுதாள். சனிக்கிழமை ராத்திரி எண்ணெய், ஞாயிற்றுக்கிழமை குளியல், என் வீட்டில்தான். நேற்று கண்ணாடி முன்னால் நின்று வேரில் வந்திருக்கும் புதுச் சுருளை விரலில் சுற்றிப் பார்த்துக்கொண்டே, "டீச்சர் பாட்டி, பெரிய பாட்டிக்கும் இப்படியேதான் இருந்துச்சா?" என்று கேட்டாள். பழைய ஆல்பத்தை எடுக்கப் பரணில் ஏற வேண்டும், யாராவது ஏணி பிடிக்க வாருங்கள்.