நிச்சயதார்த்தமே கல்யாணம் ஆகுமா?

பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் தாம்பூலம் மாற்றிக்கொண்டால் அதற்கு நிச்சயதார்த்தம் என்று பெயர். அன்றைக்கே பேரக் குழந்தைக்குத் தொட்டில் வாங்கப் புறப்படுகிறவரைக் கண்டால் ஊர் சிரிக்கும். ஆனால் தொழில் வளர்ச்சி விஷயத்தில் நம் அரசாங்கங்கள் இந்தக் காரியத்தைத்தான் வெகு விமரிசையாகச் செய்து வருகின்றன. நாமும் கை தட்டுகிறோம்.

குஜராத்தில் 2003-ம் ஆண்டு முதல் பேர் பெற்ற முதலீட்டாளர் மாநாடு என்னும் விழா, பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவிற்று. தமிழ்நாட்டில் 2015 செப்டம்பரில் நடந்த மாநாட்டில் 2.42 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 2019 ஜனவரியில் அது 3 லட்சம் கோடி ஆயிற்று. 2024 ஜனவரியில் 631 ஒப்பந்தங்கள்; தொகை 6.64 லட்சம் கோடி! இடையில் ஆட்சி மாறியது. தம்பட்டத்தின் சுருதி மட்டும் இறங்கவில்லை.

இந்தத் தொகை எவ்வளவு பெரிது? 2023-24-ம் ஆண்டில் தமிழ்நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பே சுமார் 27 லட்சம் கோடிதான். அதில் கிட்டத்தட்ட கால் பங்குக்கு இரண்டே நாளில் வாக்குறுதி கிடைத்துவிட்டது!

வாக்குறுதி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே கையெழுத்தாவது புரிந்துணர்வு ஒப்பந்தம். 'இன்ன இடத்தில், இவ்வளவு பணம் போட எண்ணியிருக்கிறோம்' என்று கம்பெனி சொல்கிறது. 'வேண்டிய உதவி செய்வோம்' என்று சர்க்கார் சொல்கிறது. பெரும்பாலும் இது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. அதன் பிறகு நிலம் கிடைக்க வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் வர வேண்டும். பாங்கி கடன் தர வேண்டும். சரக்குக்குச் சந்தை இருக்க வேண்டும். எழுதிய தொகை முழுவதும் வந்தாலும், பல ஆண்டுகளில்தான் சிறுகச் சிறுக வரும்.

ஒப்பந்தங்களே வீண் என்று யாரும் சொல்ல வேண்டாம். 1996-ல் கொரியாவின் ஹூண்டாய் கம்பெனி தமிழ்நாட்டுக்கு வந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளிவந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் முகமே மாறிற்று. ஆனால் அதே வட்டாரத்தில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, 2014 நவம்பரில் கதவை மூடியது. மறைமலை நகர் போர்டு ஆலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்றது. திறப்பு விழாவில் பூரித்த இளைஞர்கள் நடு வயதில் வேறு வேலை தேடி அலைந்தார்கள். திறப்பு விழாவுக்கு மேடை உண்டு. மூடு விழாவுக்கு மேடை ஏது?

2024 மாநாட்டில் 26.9 லட்சம் பேருக்கு வேலை என்று சொல்லப்பட்டது. அதில் நேரடி வேலை 14.54 லட்சம். மற்றவை, ஆலையைச் சுற்றி லாரி ஓட்டுவோரும் உணவு விடுதி வைப்போரும் பெறும் மறைமுகப் பிழைப்பு. பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிராமத்துப் பையன் இந்தப் பாகுபாட்டை அறிவானா? கணக்கில் தானும் ஒருவன் என்றே நம்புகிறான். அவன் நம்பிக்கையோடு விளையாடலாகாது.

ஊரின் பெருமையைப் பறைசாற்றுவது குற்றமல்ல. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது போல, கூவி அழைக்கும் மாநிலத்துக்குத்தான் தொழில் வரும். ஆனால் முதலாளிகளை அழைக்கும் குரலிலேயே மக்களுக்குக் கணக்குச் சொல்லக் கூடாது.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பட்டியல் வெளியாகட்டும்: கம்பெனியின் பெயர், இடம், சொன்ன தொகை, போட்ட தொகை, சொன்ன வேலை, கொடுத்த வேலை. மாநாட்டு விளம்பரத்துக்குப் பத்திரிகையில் முழுப் பக்கம் ஒதுக்கப்பட்டதென்றால், பட்டியலுக்கும் முழுப் பக்கம் கிடைக்க வேண்டும். பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கையெழுத்தான அன்று எட்டுப் பத்தி எழுதிய நாங்கள், மூன்று ஆண்டு கழித்து அந்த நிலத்தில் ஆலை எழுந்ததா, முள் மண்டியதா என்று போய்ப் பார்த்து வந்து எழுத வேண்டாமா?

தாம்பூலம் மாற்றிய செய்தி மகிழ்ச்சிதான். முகூர்த்த நாளையும் சொல்லுங்கள்.