கண்ணுக்குள் வரும் ஒளி

நாம் ஒரு பொருளைப் பார்க்கும்போது கண்ணிலிருந்து ஏதாவது வெளியே போகிறதா, அல்லது வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிறதா? ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது என்று இன்று பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆனால், கிரேக்க மேதைகளான யூக்ளிட்டும் தாலமியும் கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைச் சென்றடைவதால்தான் நாம் பார்க்கிறோம் என்றார்கள். சொன்னவர்கள் பெரியவர்கள் என்பதால் அந்தக் கருத்துப் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது.

அதை மறுத்துக் காட்டியவர் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம். ஏறத்தாழ கி.பி. 965இல் இன்றைய ஈராக்கிலுள்ள பாஸ்ராவில் பிறந்து, பிற்காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்தவர்.

சூரியனை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கிறது. கண்ணை மூடிய பிறகும் அந்த வெளிச்சம் சிறிது நேரம் தெரிகிறது. அப்படியென்றால் ஒளி கண்ணைத் தாக்குகிறது என்றுதானே பொருள்? இதுவே அவருடைய வாதம்.

வாதத்தோடு அவர் நின்றுவிடவில்லை. இருட்டறையின் சிறு துளைக்கு எதிரே, வெளியே பல விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே சுவரில் அத்தனை ஒளிப்புள்ளிகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேரான புள்ளி மட்டும் மறைந்தது; மறைப்பை எடுத்ததும் மீண்டும் தெரிந்தது. ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது, ஒரே துளை வழியே வந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதற்கு இது சான்றானது.

இவற்றையெல்லாம் 'கிதாப் அல்-மனாழிர்' என்ற ஏழு பாக நூலில் எழுதினார். லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்ட அந்நூல், 1572இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அச்சேறியது.

அவரும் ஓரிடத்தில் தவறினார். கண்ணின் முன்பகுதியிலுள்ள வில்லைதான் காட்சியை உணர்கிறது என்று நினைத்தார். விழித்திரையில்தான் பிம்பம் விழுகிறது என்று 1604இல் கெப்ளர் விளக்கினார்.

இதற்காக இப்னு அல்-ஹைதம் வருந்தியிருக்கமாட்டார். உண்மையைத் தேடுபவன் முன்னோர் எழுதியதை அப்படியே நம்பாமல் சோதிக்க வேண்டும், தன் கருத்தையும் சந்தேகிக்க வேண்டும் என்று, தாலமியின் பிழைகளை ஆராய்ந்த நூலில் எழுதியவர் அவர்தான். வருகிற செய்தியையெல்லாம் அடுத்த நொடியே பிறருக்கு அனுப்பிவிடும் நமக்கும் அந்த அறிவுரை பொருந்தும்.