"போர்டு டெட்" - யார் சொன்னது?

நம்ம லேப்பின் கடைசி வரிசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மூன்று கம்ப்யூட்டர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நெற்றியில் "பழுது" என்று பேப்பர் ஒட்டியிருக்கும். நாம் முதலாண்டு சேர்ந்தபோதே அந்தப் பேப்பர் பழுப்பேறித்தான் இருந்தது. நான் எழுத வந்தது அந்த மூன்றைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன்னால் எங்க மாமா வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

"மருமகன் டிப்ளமோ படிக்கிறான், அவனே பூட்டித் தந்துடுவான்" என்று சொல்லி, சீட்டு எடுத்த பணத்தில் 42,000 ரூபாயை எண்ணி என் கையில் கொடுத்தார் மாமா. அவர் பையனுக்குக் கம்ப்யூட்டர். ரிச்சி தெருவில் ஒரு நாள் முழுக்க அலைந்து பாகம் பாகமாக வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் பூட்டி முடித்தாயிற்று. அத்தை கேபினெட்டுக்குக் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, "அழுத்துப்பா" என்றார்கள். அழுத்தினேன்.

உள்ளே இருந்த ஃபேன் அரைச் சுற்று சுற்றியது. நின்றது. அவ்வளவுதான்!

மறுபடி அழுத்தினால் அந்த அரைச் சுற்று கூட இல்லை. சுவர் ஸ்விட்சை அணைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் போட்டு அழுத்தினால் திரும்பவும் அதே அரைச் சுற்று. மாமா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ். போச்சு என்று நானே தீர்ப்பு எழுதி, என் கைக்காசு 2,800 ரூபாய் போட்டு இன்னொன்று வாங்கி மாட்டினேன். அதே அரைச் சுற்று. பிறகு ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் மூடியைத் திறந்தார், பட்டனை இரண்டு தடவை அழுத்தினார், "போர்டு டெட் தம்பி. புதுசு போட்டுடலாம், ஒன்பதாயிரம் ஆகும்" என்றார். மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. கோபம் வந்தது. ஆனால் நான் மட்டும் என்ன செய்தேன்? நானும் மீட்டர் எடுக்காமல்தானே எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் குற்றவாளி ஆக்கினேன்!

எங்க தெருவில் மோட்டார் காயில் கட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் அவரிடம் புலம்பினேன். "எனக்குக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாது தம்பி. ஆனா மோட்டார்ல போட்டவுடனே ட்ரிப் ஆச்சுன்னா, முதல்ல காயில் பாடியில தொடுதான்னு சீரிஸ் லாம்ப் வெச்சுப் பாப்போம். உன் போர்டு டப்பாவுல எங்கயாச்சும் தொடுதா?" என்று கேட்டார்.

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. பழைய ஏ.டி. காலத்துக் கம்ப்யூட்டரில் முன்பக்க ஸ்விட்ச் மெயின்ஸ் கரண்டையே வெட்டும். 1995-இல் ஏ.டி.எக்ஸ். வந்த பிறகு அந்தப் பட்டன் தாலுகா ஆபீஸில் கொடுக்கும் மனு மாதிரி ஆகிவிட்டது. பிளக்கில் கரண்ட் இருக்கிற வரை ஊதா வயரில் 5 வோல்ட் எப்போதும் காத்திருக்கும். பட்டனை அழுத்தினால் போர்டு பச்சை வயரைக் கிரவுண்டுக்கு இழுக்கும். அப்புறம்தான் எஸ்.எம்.பி.எஸ். முழுசாக விழிக்கும். விழித்தவுடன் எங்காவது ஷார்ட் கண்டால் தானே படுத்துக்கொள்ளும். மெயின்ஸை அணைத்துப் போடும் வரை எழுந்திருக்காது. ஆக, அந்த அரைச் சுற்று என்ன சொல்லிற்று? பட்டன் சரி, மனு போய்ச் சேர்ந்தது, எஸ்.எம்.பி.எஸ்.ஸும் உயிரோடு இருக்கிறது, எங்கேயோ ஷார்ட் என்று தெளிவாகச் சொல்லிற்று. கேட்கத்தான் எனக்குக் காது இல்லை.

ராத்திரியே போர்டைக் கழற்றி அது வந்த அட்டைப் பெட்டி மேலேயே வைத்தேன். ப்ராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம், 24 பின் வயர், ப்ராசஸருக்கான 8 பின் வயர். வேறு எதுவும் இல்லை. பவர் ஸ்விட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டேன். ஃபேன் ஓடியது... நிற்கவே இல்லை! அதுவும் நான் முதலில் "செத்துப் போச்சு" என்ற பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில்.

காலி கேபினெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், போர்டில் துளையே இல்லாத ஒரு இடத்தில் பித்தளைக் கால் ஒன்று நின்றுகொண்டிருந்தது. பெரிய போர்டுக்கென்று கம்பெனியிலேயே பூட்டி அனுப்பியது. என்னுடையது சின்ன போர்டு. அந்தக் கால் அடியிலிருந்து சால்டரைத் தொட்டு 'பாடி' ஆக்கியிருக்கிறது. கழற்றி வீசினேன். மாமாவிடம் "லூஸ் கனெக்‌ஷன் மாமா" என்று சொல்லிவிட்டேன். 2,800 ரூபாய் எஸ்.எம்.பி.எஸ். இன்னும் எங்க வீட்டுப் பரணில் இருக்கிறது.

ஒரு கம்பித் துண்டும் மீட்டரும் இருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகக் கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சையை, அதாவது 16-ஆவது பின்னை, பக்கத்திலுள்ள கறுப்போடு சேர்த்துவிட்டு மஞ்சளில் மீட்டரை வைத்தால் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் காட்ட வேண்டும். லோடு கொடுத்தால் தாங்குமா என்பது வேறு விஷயம். ஆனால் செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இதை ஏன் எனக்கு மூன்று வருஷத்தில் யாரும் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லவில்லை? நம்ம பிராக்டிகலில் வருகிற மெஷின் எல்லாமே ஓடுகிற மெஷின். கழற்று, படம் வரை, பூட்டு, அப்சர்வேஷனில் கையெழுத்து வாங்கு, போன வருஷ ரெகார்டைப் பார்த்து "ரிசல்ட்" எழுது. ஓடுகிறதை ஓட வைப்பதில் என்ன படிப்பு இருக்கிறது? வெளியே வேலைக்குப் போனால் நம்மிடம் வரப்போவது எல்லாம் ஓடாதவைதானே!

கடைசி வரிசை மூன்றையும் எங்களிடம் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஒரு சாரிடம் கேட்டேன். "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருக்குப்பா, ஆடிட்ல யார் பதில் சொல்றது?" என்றார். அவர் பயம் அவருக்கு. ஓடாத பொருள் அப்படியே ஓடாமல் இருந்தால் ஆடிட்டுக்குச் சம்மதம், பிரித்துப் பார்த்தால் குற்றம் என்பது எனக்கு விளங்கவில்லை. இன்னொரு சார் ஷாக் அடிக்கும் என்றார். அது நியாயமான பயம். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே கபாசிட்டரில் 325 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். அந்த மூடியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது என்று விதி போடட்டும். மற்றது எல்லாம் 12 வோல்ட்டும் அதற்குக் கீழேயும்தான்.

மூன்றில் ஒன்று நிஜமாகவே செத்திருக்கலாம். இருக்கட்டுமே, அதையும் அளந்து பார்த்துவிட்டு எழுதி ஒட்டுவோம். துறைத் தலைவருக்கு மனு எழுதி யூனியன் அறையில் வைத்திருக்கிறேன். இதுவரை 31 கையெழுத்து. பேனா மேஜை டிராயரில் இருக்கிறது.