ஆபரேஷன் முடிஞ்சாச்சு... அப்புறம்?

"ஆபரேஷன் சக்சஸ்!"

டாக்டர் இப்படிச் சொன்னதுமே வீட்டார் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் மூளையிலும் முதுகுத் தண்டிலும் அடிபட்டவர்களுக்கு உண்மையான போராட்டமே அதற்குப் பிறகுதான்!

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்தார். கூட இருந்தவர்கள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் உடைந்த எலும்பு அசைந்தால் உள்ளே தண்டு நசுங்குமே! அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் தகடும் ஸ்குரூவும் வைத்து எலும்பை நிறுத்தினார்கள். கால்களில் உணர்ச்சி திரும்பவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றே மாதத்தில் படுக்கைப் புண். உணர்ச்சி இல்லாததால் வலியும் தெரியவில்லை. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று அவர் சம்சாரத்துக்குத் தெரியாது.

"அசைச்சா ஆபரேஷன் பிரிஞ்சிடும்னு பயந்தேன் சார்" என்று அழுதார் அந்த அம்மா. தப்பு அவருடையதா?

மூளை ஆபரேஷனில் நாட்டுக்கே வழிகாட்டியது நம் மாநிலம். 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார்கள்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. முடங்கினாரா? சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்! பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார்.

கால் போனாலும் வாழ்க்கை போகாது. சரியான கவனிப்பு இருந்தால்!

நாம் கேட்பது பெரிய விஷயமல்ல. டிஸ்சார்ஜ் சீட்டோடு, செய்ய வேண்டியதைத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். புரட்டுவது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைப்பது, கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்பது - இதையெல்லாம் வீட்டுக்காரர் கையாலேயே நாலு நாள் செய்யவைத்துப் பழக்கி அனுப்புங்கள்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிசியோதெரபி கொடுக்கவும் வழி உண்டு. இது கொத்தனார் வீட்டுக்குத் தெரியாது. வார்டிலேயே பெயரைப் பதிந்து அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

கத்தி பிடித்தவர் உயிரைக் காப்பாற்றினார். அந்த உயிரைப் படுக்கைப் புண்ணுக்குப் பறிகொடுக்கலாமா?

அதிகாரிகள் கவனிப்பார்களா?