தீயணைக்கும் வண்டிகளும் ஜனங்களின் கடமையும்

15-வது நிதிக் கமிஷனின் சிபார்சின் பேரில், ராஜ்யங்களின் தீயணைப்புப் படைகளை விஸ்தரித்து நவீனப்படுத்துவதற்காக 5,000 கோடி ரூபாய்த் திட்டமொன்றை மத்திய சர்க்கார் 2023-ம் வருஷத்தில் ஆரம்பித்தனர். பணம் ஒதுக்குவது ஒன்று. அதைத் தக்க சாதனங்களில் செலவிடுவது வேறொன்று. ஆகையால் இவ்விஷயத்தில் ஜனங்கள் கவனிக்க வேண்டியவற்றை எடுத்துரைப்பது நமது கடமையாகும்.

தீயணைக்கும் வண்டிகளெல்லாம் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். தண்ணீர்த் தொட்டியும் பம்பும் குழாய்களும் கொண்ட சாதாரண வண்டி, வீட்டுத் தீக்கும் வைக்கோற்போர்த் தீக்கும் ஏற்றதே. பெட்ரோல் கிடங்கிலோ வெறுந் தண்ணீர் அபாயத்தையே வளர்க்கும். எண்ணெய் இலேசானதாகையால் நீரின்மேல் மிதந்து எரிந்தவாறே பரவும். அங்கு, எண்ணெய்மீது போர்வைபோற் படிந்து காற்றைத் தடுக்கும் நுரை வண்டி வேண்டும். மின்சார யந்திரங்களில் பற்றும் தீக்குக் கரியமில வாயுவோ உலர்ந்த ரசாயனப் பொடியோ வேண்டும். இடிபாடுகளில் சிக்கியோரை மீட்க இரும்பை வெட்டும் கருவிகளும், புகையினுள் நுழைவோருக்குச் சுவாசக் கருவிகளும் கொண்ட மீட்பு வண்டி வேண்டும். உயர்ந்த மாடிகளுக்கு ஏணி வண்டி வேண்டும்.

செல்வம் மிகுந்த லண்டன் நகரமும் இதில் பிற்பட்டிருந்தது. 2017-ம் வருஷம் ஜூன் 14-ந் தேதி 24 மாடிகள் கொண்ட கிரென்பெல் கோபுரம் எரிந்து 72 பேர் மாண்டனர். அக்கட்டிடத்தின் உயரம் சுமார் 67 மீட்டர். அந்நகரப் படையிடம் அன்றிருந்த ஏணிகளில் மிக உயர்ந்ததோ 32 மீட்டரே. அவ்வளவு சேதத்திற்குப் பின்னரே, 2021-ல், 64 மீட்டர் ஏணிகள் அங்கு வந்தன.

ஆனால் வண்டி மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நம் தேசமே சாக்ஷி. 1944-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் போர்ட் ஸ்டிக்கின் என்னும் கப்பலில் தீப்பற்றியது. பஞ்சுப் பொதிகளோடு சுமார் 1,400 டன் வெடிமருந்தும் அதில் ஏற்றப்பட்டிருந்தது. பம்புகள் வந்தன, வீரர்களும் வந்தனர். எனினும் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் இருமுறை கப்பல் வெடித்து, தீயணைப்பு வீரர் 66 பேர் உயிர் துறந்தனர். அந்நிய ஆட்சியார் செய்தியையும் பல நாள் மறைத்து வைத்தனர். ஏப்ரல் 14-ந் தேதியை நாம் தீயணைப்போர் தினமாக அனுஷ்டிப்பது அத்தியாகிகளின் நினைவாகவே. கட்டிடத்திலும் கிடங்கிலும் என்ன இருக்கிறதென்று முன்கூட்டித் தெரிந்திராவிடில், எத்தகைய யந்திரமும் வீரர்களைக் காப்பாற்றாது என்பதே அது போதிக்கும் பாடம்.

உயர்ந்த ஏணி வண்டியை வாங்கித் திறப்பு விழா நடத்துவது எளிது. அது நுழைய முடியாத சந்துகளில் வாழும் ஏழைகளுக்கு அதனால் யாது பயன்? அங்கே சிறு வண்டிகளும், தெருவில் நீர் பிடிக்கும் குழாய்களும், பயிற்சி பெற்ற ஆட்களுமே உயிரைக் காக்கும்.

1992-ம் வருஷத்து 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகரசபைகளிடம் ஒப்புவிக்கத்தக்க காரியங்களில் தீயணைப்பையும் சேர்த்திருக்கிறது. ஆதலின், எவ்வகை வண்டிகள் எத்தனை உள, நீர் எங்கே கிடைக்கும், அபாயப் பண்டங்கள் எங்கே சேமிக்கப்பட்டுள்ளன என்று ஒவ்வோர் ஊராரும் தம் பிரதிநிதிகளைக் கேட்க வேண்டும். தீ மூண்டபின் கேட்கும் கேள்வி சாம்பலுக்கே உரியது. இன்றே கேட்பீர்களாக!