தீண்டப்படாத படிப்பு

நமது பிள்ளைகள் படிக்கத்தக்க படிப்பு மூன்றே என்று நம்மவர்கள் முடிவுகட்டி வைத்திருக்கின்றனர்: வைத்தியம், சட்டம், இஞ்சினீயரிங். இம்மூன்றுக்கும் புறம்பாக, சமூகவியல், சமூகப் பணி, குற்றவியல் நீதி என்று ஒரு பிள்ளை பெயர் சொல்லிவிட்டாலோ, தீண்டத்தகாத பொருளைத் தீண்டியது போல் முகஞ் சுளிக்கின்றனர். ஜாதித் தீண்டாமை ஒழிய வேண்டுமென்று மேடையேறி முழங்கும் கனவான்களும் இதற்கு விலக்கல்லர். இதனை எழுதும் கிராணியும் சென்ற வருஷம் வரை அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

என் தமக்கை மகளுக்குப் பினாங்குச் சர்வகலாசாலையிலே சமூகப் பணிப் படிப்புக்கு இடங் கிடைத்தது. தகப்பனில்லாப் பெண், ஆதலால் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து, “மாமா, போகட்டுமா?” என்று கேட்டாள். “அன்னதானத்தில் கரண்டி பிடிக்கவா ஒரு பட்டம்?” என்றேன். நான் ஆங்கிலத்தில் படித்த படிப்பெல்லாம் அவ்வேளையில் இவ்வளவுக்குத்தான் உதவிற்று. பெண் அழவில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு நான் சொன்னபடி கணக்கியலில் சேர்ந்தாள்.

அதன்பின் நான்கு மாதமிராது. எங்கள் தோட்டத்து லயத்துப் பையன் ஒருவன், வயது பதினைந்து, மோட்டார் சைக்கிள் திருட்டிலே பிடிபட்டான். அவனது குடும்ப நிலையை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகவே பேசினார். பையனின் தாய்க்குச் சந்தை மலாய் தெரியுமேயன்றிச் சர்க்கார் மலாய் தெரியாது. ஆகவே மொழிபெயர்க்க ஆபீசிலிருந்து என்னை அழைத்தனர். “பையனை வீட்டில் பார்த்துக்கொள்பவர் யார்?” என்பது கேள்வி. தகப்பன் டவுனிலே இரவுக் காவற்காரன். தாய் விடியுமுன் வேலைக்குப் போகிறவள். “எல்லாருந்தாங்க பாத்துக்கிறோம்” என்றாள். லயத்தில் வளர்ந்தவனுக்கு அதன் பொருள் தெரியும். எதிர்வீட்டு ஆயா சோறு போடுவாள், அத்தை அதட்டுவாள், கோயிற் பூசாரி காதைத் திருகிப் பள்ளிக்கு விரட்டுவார். நானோ அவசரத்தில், “குறிப்பாக ஒருவருமில்லை” என்று மொழிபெயர்த்தேன். அவர் எழுதிக்கொண்டார். பையனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள், மூன்று வருஷம். அந்த ஒரு வரியினாலேதான் அனுப்பினார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. அந்த வரியும் அங்கே இருந்தது என்கிறேன்.

அன்பர்களே, சட்டம் சொல்வதைக் கேளுங்கள். இந்நாட்டின் 2001-ம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவன் குற்றம் செய்தானென்று கண்டபின், அவனை என்ன செய்வதென்று தீர்மானிக்குமுன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைச் சிறார் நீதிமன்றம் கவனித்தே ஆகவேண்டும். பிள்ளையின் நடத்தை, வீட்டுச் சூழ்நிலை, பள்ளிக்கூட வரலாறு, உடல்நிலை ஆகியவை அதில் அடங்க வேண்டும். மாஜிஸ்டிரேட்டுக்குத் துணையாக இரண்டு ஆலோசகர் அமர்வர். அவர்களில் ஒருவர் பெண்ணாயிருத்தல் வேண்டும். எச்சரித்து விடுவதா, ஜாமீன் பெற்றுப் பெற்றோரிடம் ஒப்படைப்பதா, நன்னடத்தைக் கண்காணிப்பில் வைப்பதா, பள்ளிக்கு அனுப்புவதா என்னுந் தீர்ப்பு அந்தச் சில தாள்களை ஒட்டியே பிறக்கிறது. வக்கீல் வேண்டுமென்று வீடு விற்கிறோம். அந்தத் தாளை எழுதும் நாற்காலியில் லயத்தின் மணம் அறிந்த ஒருவர் அமர வேண்டுமென்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருக்கிறோம்?

“நமது பையன்கள் கெடுவது ரத்தத்தின் குணம், தலைவிதி, இதற்குப் படிப்பு எதற்கு?” என்று கேட்கும் பெரியவர்கள் உளர். அவர்களுக்குச் சிகாகோ நகரத்தைக் காட்டுகிறேன். ஷா, மக்கே என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1942-ல் ஒரு நூல் வெளியிட்டனர். அந்நகரில் சில பேட்டைகளில் மட்டும் சிறுவர் குற்றம் மிகுந்திருந்தது. அப்பேட்டைகளில் ஒரு காலத்தில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் வாழ்ந்தனர். பின்பு இத்தாலியரும் போலந்துக்காரரும் குடியேறினர். ஜனங்கள் மாறினர், குற்றம் அந்தப் பேட்டையை விட்டுப் போகவில்லை. வெளியேறி நல்லிடம் சேர்ந்தவர் பிள்ளைகளிடமோ அது குறைந்தது. ரத்தம் எங்கே போயிற்று ஐயா?

ரத்தத்தைப் பழிக்கும் வாதம் தமிழனை ஏற்கெனவே ஒருமுறை சுட்டிருக்கிறது. 1871-ல் பிரிட்டிஷ் சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றிற்று. 1911-க்குப் பின் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குலத்துக்காகவே கைரேகை பதிந்து, இரவில் ஊர் தாண்டாது கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும். மறுத்து நின்ற பெருங்காமநல்லூர்க் கள்ளர் மீது 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீசார் சுட்டுப் பலரைக் கொன்றனர். சென்னையில் 1947-ல்தான் அச்சட்டம் ஒழிந்தது. அந்நியன் எழுதிய சட்டத்தை ஒழித்துவிட்டு, அதே வாசகத்தை நம் வாயாலேயே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொண்டிருப்பது என்ன பகுத்தறிவு?

நமது பேட்டையை உண்டாக்கியது எது என்று பார்க்க வேண்டும். தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டுமென்ற 1923-ம் வருஷத் தொழிலாளர் சட்டம் இருந்தது. அதன் அருகிலேயே கள்ளுக்கடையும் இருந்தது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் போய் வீட்டுமனை வந்தது. லயத்து ஜனங்கள் நகரத்தின் ஓரங்களில் இறக்கிவிடப்பட்டனர். ஆயாவும் அத்தையும் பூசாரியும் ஆளுக்கொரு திசையாகச் சிதறிய பின், அப்பையனைப் பார்த்துக்கொள்ள மெய்யாகவே குறிப்பாக ஒருவருமில்லை. இதை ஆராய்ந்து எழுதியவர் யார்? இந்தியாவிலிருந்து வந்த ரவீந்திர ஜெயின் 1970-ல் நூல் எழுதினார். அமெரிக்காவிலிருந்து வந்த ஆண்ட்ரூ வில்போர்டு 2014-ல் எழுதினார். நம்மவரில் செல்வகுமாரன் இராமச்சந்திரன் 1994-ல் எழுதினார். இன்னும் சிலர் உண்டு; சிலரே.

“உத்தியோகம் கிடைக்குமா?” என்பது கடைசிக் கேள்வி, நியாயமான கேள்வியுங்கூட. வைத்தியரின் சம்பளம் கிடையாது, அதை மறைப்பானேன்? ஆயினும் சமூகநல இலாகா, சிறைச்சாலை, ஆஸ்பத்திரி, போதைப்பொருள் தடுப்பு நிலையம் ஆகிய இடங்களில் இப்படிப்புக்கு வேலை உண்டு. சிங்கப்பூரிலிருந்த மலாயாச் சர்வகலாசாலை 1952-லேயே இத்துறையைத் தொடங்கிற்று. பினாங்கில் 1975-ல் தொடங்கினர். வாசல் திறந்து அரை நூற்றாண்டாயிற்று. கத்திக் குத்தைத் தைத்தனுப்ப டாக்டர் வேண்டும், சந்தேகமில்லை. தைத்த பையன் மறுவாரம் அதே மூலைக்குப் போய் நிற்கிறானே, அவனைத் தேடிப் போக யாரைப் படிக்க வைத்திருக்கிறோம்? கோயிலுக்குக் கோயில் கோபுர நிதி திரட்டும் தலைவர்கள், ஆண்டுக்கு ஒரு பெண்ணுக்கேனும் இப்படிப்புக்குச் சம்பளங் கட்டினால் கோபுரம் சாய்ந்துவிடாது.

தமக்கை மகள் கணக்கியலை விட்டுவிட்டு இவ்வாண்டு மறுபடியும் மனுப் போட்டிருக்கிறாள். இம்முறை டைப் அடித்துக் கொடுத்தவன் நான். பையனைப் பார்க்க மாதம் ஒருமுறை தாயுடன் போய் வருகிறேன். அங்கே மொழிபெயர்க்க எவரும் கேட்பதில்லை.